இடது கார்னர்

எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு 'மண் கோர்ட்டு' என்று பெயர் வைத்தவள் அந்தோணிமேரி. குழுவில் நான்கு பேர். நான்கு பேரும் ஓமலூருக்குப் பக்கத்தில் ஒரே பள்ளியில் படித்தவர்கள், 1997-இல் ஒரே கபடி டீமில் ஆடியவர்கள். அந்தோணிமேரி அப்போது கேப்டன். இப்போது செவ்வாய்ப்பேட்டையில் ஆறு மெஷின் போட்டு, பள்ளிகளுக்கு விளையாட்டு உடுப்புகள் தைத்துக் கொடுக்கிறாள். மயிலம்மாள் ஓமலூரிலேயே அங்கன்வாடி டீச்சர். சௌந்திரம் மேச்சேரிப் பக்கம் வாக்கப்பட்டுப் போய், கணவரோடு ஆட்டுப் பட்டி வைத்திருக்கிறாள். நான் வினோலியா. சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கல்யாணத்தில் நாங்கள் நால்வரும் ஒரே பந்தியில் உட்கார நேர்ந்தது. அதற்கு முன் சௌந்திரத்தை நான் இருபது வருடமாகப் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள், டிவியில் நடக்கும் கபடி லீக்கை நான்கு பேருமே ஒரு மேட்ச் விடாமல் பார்க்கிறோம் என்று தெரிந்துவிட்டது. பாயசம் வந்தபோது போட்டியும் முடிவாகிவிட்டது.

விதி எளிது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் ஒவ்வொருத்தியும் லீக்கில் ஆடுகிறவர்களில் ஏழு பேரைப் பொறுக்கிக் குழுவில் போட வேண்டும். மூன்று பேர் ரெய்டு போகிறவர்கள், நான்கு பேர் பிடிக்கிறவர்கள். அந்த வாரம் அவர்கள் எடுக்கும் பாயிண்டெல்லாம் நமக்கு. ஒருவனைக் கேப்டன் என்று குறித்தால் அவன் பாயிண்ட் இரட்டிப்பு. மயிலம்மாள் மேட்ச் பார்த்துக்கொண்டே எல்லாருக்கும் கூட்டிப் போடுவாள். மாதக் கடைசியில் யார் கடைசியோ அவள் மற்றவர்களுக்குச் சாப்பாடு செய்து எடுத்துவர வேண்டும். போனில் இதற்கென்றே ஆப் இருக்கிறது என்று அந்தோணிமேரியின் மகன் ஜூட் சொன்னான். "எங்களுக்கு மயிலம்மா போதும்டா" என்றாள் அவள்.

ஆட்டக்காரர்களின் பெயர் பாதி எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் மயிலம்மாள் பட்டப்பெயர் வைத்தாள். கழுத்து நீண்ட ஒரு ரெய்டர் 'கொக்கு'. கணுக்காலைப் பிடித்தால் விடவே விடாத ஒரு தடியன் 'பூட்டு'. இந்தப் பூட்டு ஒரு வாரம்கூடத் தவறாமல் சௌந்திரத்தின் ஏழு பேரில் இருப்பான். அநேகமாக அவன்தான் அவளுக்குக் கேப்டனும். எல்லாரும் ரெய்டரைக் கேப்டன் ஆக்குவார்கள், பாயிண்ட் அங்கேதான் அதிகம். "அதென்ன புள்ள, புடிக்கறவனப் போயி கேப்டனா வெக்கற?" என்று மயிலம்மாள் கேட்டாள். "புடிச்சா உடக் கூடாது. அவந்தான் ஆட்டக்காரன்" என்று குரல் பதிவில் பதில் வந்தது. பின்னால் ஆடு கத்தியது.

நான் அந்தப் பதிவை ஒரு முறைதான் கேட்டேன்.

போட்டி என்பது பேருக்குத்தான். பாதி நேரம் பேச்சு பழைய ஆட்டத்தைப் பற்றித்தான். டிவியில் மெத்தை மாதிரி விரிப்பில் ஷூ போட்டு ஆடுகிறார்கள். நாங்கள் ஆடியது மண்ணில். காலையில் நேரத்திலேயே போய்த் தண்ணீர் தெளித்து, கல் பொறுக்கி, சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவோம். பாவாடைக்கு உள்ளே அண்ணன் தம்பியின் அரைக்கால் டவுசர். முழங்கையில் காய்ந்த பொருக்கு உதிர்வதற்குள் அடுத்த மேட்ச் வந்து அதைப் பெயர்க்கும். இடைவேளையில் உள்ளங்கையில் குளுக்கோஸ் பொடி கொட்டுவார்கள். வியர்வையோடு அதை நக்கினால் உப்பும் இனிப்புமாக இருக்கும். வெளியூர் மேட்ச் என்றால் டிராக்டர் டிரெய்லரில் போவோம். டிவியில் கபடி பாடுகிற சத்தமே கேட்பதில்லை. மண்ணில் அது கேட்கும். ஒவ்வொருத்திக்கும் ஒரு குரல். அந்தோணிமேரி கோயிலில் ஜெபம் சொல்வது மாதிரி பாடுவாள். சௌந்திரத்தின் பாட்டு மெஷின் ஓடுவது போல ஒரே சீராக இருக்கும், மூச்சு எங்கே எடுக்கிறாள் என்று நடுவருக்கே தெரியாது. அவள்தான் எங்கள் டீமின் பெரிய ரெய்டர். பிடிக்கும்போது எனக்குப் பக்கத்தில் நிற்பாள். நான் இடது கார்னர், வரிசையின் இடது ஓரம். அவள் எனக்கு அடுத்த 'இன்'. இருவரும் விரல்களைக் கோத்துக்கொண்டு நிற்போம்.

அந்த வருடத்து மண்டல இறுதிப் போட்டி ஓமலூரில் நடந்தது. எதிரே ஆத்தூர்ப் பக்கத்துப் பள்ளி. கடைசி ரெய்டு அவர்களுடையது. நாங்கள் இருபத்து மூன்று, அவர்கள் இருபத்திரண்டு. அவர்களுடைய ரெய்டர் சும்மா திரும்பினாலும் ஜெயிப்பது நாங்கள்தான், பிடித்தாலும் நாங்கள்தான். உயரமான பெண் வந்தாள். என் பக்கம் காலை நீட்டினாள். நான் கணுக்காலைப் பிடித்தேன். சௌந்திரம் இடுப்பைக் கட்ட வேண்டும். கட்டுவதற்குள் அந்தப் பெண் நழுவிவிட்டாள். பாய்ந்து வந்த சௌந்திரத்தின் கை அவள் முதுகில் உரசியது. அவள் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள். என்னைத் தொட்டதற்கு ஒன்று, சௌந்திரத்துக்கு ஒன்று. இருபத்து நாலு, இருபத்து மூன்று. சௌந்திரம் பாயாமல் நின்றிருந்தால் சமநிலை. ஒரு எட்டு முன்னால் பாய்ந்திருந்தால் வெற்றி. ஊரே அப்படித்தான் பார்த்தது.

எங்கள் பி.டி. மாஸ்டர் சின்னண்ணன் சார் நேரே கோர்ட்டுக்குள் வந்து, அத்தனை சனத்துக்கு முன்னால் அவள் கன்னத்தில் அறைந்தார். "போறதுன்னா நேரத்துல போகணும். இல்லீன்னா நிக்கணும்" என்றார். அடுத்த திங்கட்கிழமை மாவட்ட டீமுக்கான பட்டியலை அவர் எழுதி அனுப்பினார். அதில் அந்தோணிமேரி இருந்தாள். நான் இருந்தேன். சௌந்திரம் இல்லை. இரண்டு வருடம் மாவட்டத்துக்கு ஆடினேன். கல்லூரியில் இடம் கிடைத்ததே அந்தச் சான்றிதழால்தான். சௌந்திரம் பத்தாவதோடு நின்றாள்.

உண்மையில் நடந்தது வேறு. அது எனக்கு மட்டும் தெரியும்.

போன நவம்பரில் நான்தான் கடைசி. கொக்கு முழங்காலில் அடிபட்டு வெளியே உட்கார்ந்துவிட்டான். அவனைக் கேப்டனாகப் போட்டிருந்தவள் நான். தனக்குப் பட்டியை விட்டு வர முடியாது என்று சௌந்திரம் சொன்னதால், ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டிலேயே கூடுவது என்று ஏற்பாடு. புலாவும் கோழி வறுவலும் செய்து தூக்குகளில் அடைத்து, பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். அந்தோணிமேரியும் மயிலம்மாளும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். சௌந்திரத்தின் கணவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தார்.

சாப்பிடுவதற்கு முன் டிவியில் முந்தின நாள் மேட்ச்சை மறுபடியும் போட்டார்கள். கடைசி நிமிடம். ஒரு கார்னர்காரன் ரெய்டரின் கணுக்காலைப் பிடித்தான். பக்கத்தில் இருந்தவன் பாய்ந்தான். ரெய்டர் நழுவிப் போய்க் கோட்டைத் தொட்டான். பாய்ந்தவன் லேட் என்று வர்ணனைக்காரர் திட்டினார்.

மயிலம்மாள் சிரித்தாள். "அடி ஆத்தே, நம்ம சௌந்தரம் அன்னைக்குப் போன மாதிரியேதான் போறான் பாரு."

"ஆமாமா" என்று சௌந்திரமும் சிரித்தாள். "நானும் அன்னைக்கு இப்படித்தான் லேட்டு. எங்க புள்ளைகளே கேலி பண்ணுதுங்க. பஸ்ஸை உட்டுட்டு வந்தாக்கூட, கபடியிலயே லேட்டு நீயிங்குதுங்க."

அப்போது அதையே மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பாய்ந்தவனின் கால் தரையை விட்டுக் கிளம்புகிறது. இன்னும் அவன் ரெய்டரைத் தொடவில்லை. அதற்குள் கீழே கார்னர்காரனின் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன.

சௌந்திரம் முன்னால் குனிந்தாள். "லேட்டில்ல, புள்ள. அங்க பாரு. கார்னர்காரன் கைய உட்டுப்போட்டான். இவன் சரியான நேரத்துலதான் வாரான். புடி இருந்தாத்தான இவன் கட்ட முடியும்?"

"அட, ஆமா" என்றாள் அந்தோணிமேரி.

நான் சொல்லிவிடுவேன் என்று எனக்கே தெரியாது. தூக்கு மூடியைக் கையில் வைத்திருந்தேன். "சௌந்திரம், அன்னைக்கும் அப்படித்தான் ஆச்சு" என்றேன்.

"என்னைக்கு?"

"ஓமலூர் ஃபைனல்ல. நீ லேட்டில்ல. நான் கையை விட்டுட்டேன். அந்தப் பொண்ணு இன்னொரு காலை என் மூஞ்சிக்கு நேரா கொண்டு வந்தா. உதைச்சிடுவான்னு பயந்து கண்ணை மூடிக்கிட்டேன். கை தானா விட்டுப் போச்சு. நீ வந்தப்ப என் கையில ஒண்ணுமே இல்ல."

மயிலம்மாள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். அந்தோணிமேரி என்னையே பார்த்தாள்.

"வழுக்கிப் போயிருக்கும்டீ" என்றாள்.

"வழுக்கல. விட்டேன்."

"உதைச்சாளா?" என்று சௌந்திரம் கேட்டாள்.

"இல்ல. படவே இல்ல."

அவள் எழுந்து பின்பக்கம் போனாள். தொட்டியில் தண்ணீர் விடுகிற சத்தம் கேட்டது. அது நிறைந்து வழிகிற சத்தமும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஈரக்கையோடு வந்து இலை போட்டாள். நான் கொண்டுவந்த புலாவை எல்லாருக்கும் வைத்தாள், எனக்கும் வைத்தாள். அவள் இலையில் அது அப்படியே இருந்தது.

கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். மற்ற இருவரும் முன்னால் நடந்தார்கள்.

"இருவத்தேழு வருசம்" என்றாள். "ராத்திரி படுத்தா இந்த வலது காலுதான் ஞாபகம் வரும். இத ஒரு நொடி முன்னால எடுத்து வெச்சிருந்தா ஜெயிச்சிருப்பமேன்னு. வேலை செய்யறப்பவும் வரும். நான் மந்தம்னு நானே நம்பிக்கிட்டேன், வினோலியா."

"தப்புதான்" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லிட்ட. சாருகிட்டச் சொல்லு."

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஏழு பேரைப் போடவில்லை. அடுத்த வெள்ளியும் போடவில்லை. இரண்டு வாரமும் சைபர் என்று மயிலம்மாள் எழுதினாள். விதியை மாற்ற முடியாது என்று தனியாக எனக்கு ஒரு செய்தியும் அனுப்பினாள். அந்தோணிமேரி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, "நான் கேப்டன். நானாவது பார்த்திருக்கணும்ல? சார் அடிச்சப்ப நான் பக்கத்துலதானே நின்னேன். தண்ணி குடிச்சிட்டு இருந்தேன்டீ" என்று அழுதாள்.

என் வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஹாலில் மாட்டியிருந்த மாவட்டச் சான்றிதழைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தேன். பிறகு அது நாடகம் மாதிரி தோன்றியது. திரும்ப மாட்டினேன். நான் ஆடியதும் உண்மைதானே.

பன்னிரண்டாவது நாள் சௌந்திரத்திடமிருந்து ஒரு வரி வந்தது. 'சனிக்கிழமை பத்து மணிக்கு ஓமலூர் பஸ் ஸ்டாண்டு.'

சின்னண்ணன் சார் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். சாருக்கு எழுபத்தைந்து இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கந்தம்மாள்தான் எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"உங்ககிட்டப் படிச்ச புள்ளைங்களாமுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, "உக்காருங்க சாமி" என்று எங்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

"எந்த வருசம்?" என்றார் சார்.

"தொண்ணூத்தேழுங்க சார்" என்றேன். "மண்டல ஃபைனல்ல ஆத்தூர்ப் பக்கத்து டீம்கிட்டத் தோத்தோமே."

"ஓ! அந்த நெட்டப் புள்ள!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "என்ன ரெய்டு போவா தெரியுமா? காலு அப்படியே ரப்பரு. ரெண்டு வருசம் கழிச்சு ஸ்டேட் ஆடுனா. அவளை மறக்க முடியுமா?"

சௌந்திரம் என்னைப் பார்த்தாள். நான் சொல்லத் தொடங்கினேன். கணுக்காலைப் பிடித்தது, பயந்தது, கையை விட்டது, சௌந்திரம் சரியான நேரத்துக்கு வந்தது. ஒன்றையும் விடவில்லை. சார் கவனமாகக் கேட்டார். முடித்ததும், "சரி, இப்ப எதுக்கு இது?" என்றார்.

"அதுக்காகத்தானுங்க சார் என்னை அடிச்சீங்க" என்றாள் சௌந்திரம்.

"நான் அடிச்சனா? உன்னையா?"

"ஆமாங்க. கோர்ட்டுக்குள்ளாற வந்து. இந்தக் கன்னத்துல."

அவர் நிஜமாகவே யோசித்தார். நடிப்பு இல்லை. அவருக்கு அது ஞாபகத்தில் இல்லை. "அப்பெல்லாம் நெறைய பேத்த அடிச்சிருக்கறேன் சாமி. அடிச்சாத்தான் வரும்னு நெனச்சோம். ஆரு ஆருன்னு இப்பச் சொல்லத் தெரியல." கந்தம்மாள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சார் தலையைத் தூக்கி சௌந்திரத்தை நேராகப் பார்த்தார். "அடிச்சது தப்புதான்."

"ஜில்லா லிஸ்ட்டுலயும் பேர் எழுதலீங்க."

"எழுதலியா?"

"இல்லீங்க. இவ பேரு இருந்துச்சு."

சார் என் பக்கம் திரும்பினார். "நீ அன்னைக்கே சொல்லியிருந்தீன்னா உன்ற பேரை அடிச்சிருப்பேன். அது நிச்சயம். ஆனா இந்தப் புள்ள பேரை எழுதியிருப்பனான்னு கேட்டா..." கையை விரித்தார். "கோபக்காரன் நான். ரெண்டு பேத்தையும் உட்டிருப்பேன்னு நெனைக்கறேன்."

சௌந்திரம் என்ன செய்வாளோ என்று பயந்தேன். அவள் எழுந்தாள். "நான் லேட்டில்லீங்க சார். அதச் சொல்லத்தான் வந்தோம்" என்றாள்.

"லேட்டில்ல" என்றார் அவர். வகுப்பில் விடையைத் திருத்திச் சொல்கிற மாதிரி, தெளிவாகத் திருப்பிச் சொன்னார். "சரி. நீ லேட்டில்ல."

காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கந்தம்மாள் விடவில்லை. குடித்தோம்.

பஸ் ஸ்டாண்டில் மேச்சேரி வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. நிழலில் நின்றோம்.

"அந்தாளுக்கு ஞாபகமே இல்ல பாத்தியா" என்றாள் சௌந்திரம். "ஆத்தூர்க்காரிய ஞாபகம் இருக்குது. உதைக்காத காலு ஞாபகம் இருக்குது. அறைஞ்ச கை ஞாபகம் இல்ல."

"உனக்குக் கோபம் வரலயா?"

"அவர்மேலயா? வருது. அவருக்கு வயசாயிப் போச்சு, அங்க கொண்டு போயிக் கொட்டி என்ன பண்றது?" என் பக்கம் திரும்பினாள். "உன்மேல இருக்குது. பட்டியல்ல என்ற பேரு வந்திருந்தாக்கூட எங்கப்பன் உட்டிருப்பாரான்னு தெரியாது. உட்டிருக்க மாட்டாருன்னுதான் நெனைக்கறேன். ஆனா அது தெரிஞ்சிருக்கும். ஒண்ணு நான் போயிருப்பேன், இல்ல எங்கப்பன் உடலீன்னு இருந்திருக்கும். நீ அதயே தெரிய உடாமப் பண்ணிப்போட்ட."

"ஆமா" என்றேன்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லச் சொல்லாத. வந்தா நானே சொல்றேன்."

"சரி."

வண்டி வந்தது. ஏறி சன்னலோரம் உட்கார்ந்தவள், கண்டக்டர் விசில் அடித்த பிறகு வெளியே எட்டி, "கொக்குக்கு முழங்கால் சரியாயிப் போச்சாமா?" என்று கேட்டாள்.

"அடுத்த வாரம் இறங்குறானாம்."

"அப்ப அவனைப் போட்டுக்கறேன். நீ போட்டராத."

அடுத்த வெள்ளி ஐந்து மணிக்கே அவளுடைய ஏழு பேர் குழுவில் வந்துவிட்டார்கள். கொக்கு இருந்தான். பூட்டும் இருந்தான், வழக்கம்போலக் கேப்டனாக. நான் கொக்கைப் போடவில்லை. அந்த வாரம் அவன் பதினாலு பாயிண்ட் எடுத்தான்.

அதற்குள் அவள் இந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தாள். பிள்ளைகளிடம், கணவரிடம், ஆட்டுச் சந்தையில் அவளுக்குத் தெரிந்த வியாபாரிகளிடம்கூட. ஒரு நாள் அவள் கணவர் போனில் பேசினார். "ஏனுங்க, நீங்கதான் கைய உட்டதுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். "செரி செரி, கேட்டுக்கலாம்னுதான்" என்று சொல்லிப் போனை அவளிடம் கொடுத்தார். அவருக்குக் கோபமா கேலியா என்று எனக்கு விளங்கவில்லை. மேச்சேரிப் பக்கம் இனி நான் போனால் இடது கார்னர் வந்திருக்கிறாள் என்றுதான் சொல்வார்களாம், மயிலம்மாள் சொன்னாள்.

லீக் முடிந்தபோது அந்தோணிமேரி முதலிடம். சௌந்திரம் பதினோரு பாயிண்ட் வித்தியாசத்தில் இரண்டாவது. நான் மூன்றாவது. கடைசி வந்த மயிலம்மாள், எல்லாருக்கும் கூட்டிப் போட்டே தன் டீமைக் கவனிக்காமல் விட்டுவிட்டதாகச் சொன்னாள். ஓமலூரில் அவள் வீட்டில் சாப்பிட்டோம். அந்தோணிமேரி நான்கு பேருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். முதுகில் அன்றைய எண்கள். என்னுடையது சற்று இறுக்கம்.

"பதினொண்ணு" என்றாள் சௌந்திரம், குழம்பை ஊற்றிக்கொண்டே. "ரெண்டு வாரம் சைபரு வாங்கினேன். வாரத்துக்கு முப்பதுன்னு வெச்சாக்கூட அறுவது. நாந்தான் மொதல்ல வந்திருக்கணும்."

"நீயே போடாம இருந்தது அது" என்றாள் மயிலம்மாள்.

"ஆரால போடல?" என்று என்னைக் காட்டினாள். "இவளாலதான். இதையும் எழுதி வெய்யி."

அந்தோணிமேரிக்குப் புரை ஏறிவிட்டது. நான் தண்ணீரை எடுத்து நீட்டினேன். அடுத்த சீசனில், வராத வாரத்துக்குச் சைபர் போடாமல் அதற்கு முந்தின வாரத்துப் பாயிண்டில் பாதியைக் கொடுக்கலாமா என்று மயிலம்மாள் கேட்டாள். முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று சௌந்திரம் சொன்னாள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் அந்தப் பேச்சு முடியவில்லை.